சத்துவாச்சாரியில் கதம்பம் காணவில்லை (மூவண்ணப் பெட்டைப் பூனை): எங்கே தேடுவது?

கதம்பத்தின்_வீடு | வெள்ளி, மே 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பக்கம் இருக்கிறோம். எங்கள் பூனை கதம்பம் நேற்று மாலை நாலரை மணியிலிருந்து காணவில்லை. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக. பூக்காரம்மா கட்டிய கதம்பம் மாதிரியே இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். மூன்று வயது. கருத்தடை செய்தாகிவிட்டது. வீட்டை விட்டு வெளியே போய்ப் பழக்கமில்லை. மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது கூட வந்து நிழலில் படுத்திருக்கும், அவ்வளவுதான் அதன் வெளியுலகம்.

நடந்தது இதுதான். பின் தெருவில் ஒரு பாட்டி தவறிவிட்டார்கள். நேற்று மாலை எடுத்தார்கள். நம்ம ஊர் வழக்கம் தெரியுமே, பறை, பூ, பட்டாசு. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. சரியாக எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒரு பெரிய சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். அந்த நேரம் கரண்ட் இல்லை, அக்னி வெயில், காற்றுக்காக முன்கதவு பின்கதவு இரண்டையும் திறந்து வைத்திருந்தோம். நான் கேட்டில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் அடங்கி உள்ளே வந்தால் பின்பக்க வலைக்கதவு ஆடிக்கொண்டிருக்கிறது, பூனை இல்லை.

நேற்று இரவு ஒரு மணி வரை ஸ்கூட்டரில் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும், அப்புறம் மலையடிவாரம் வரைக்கும் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே சுற்றினோம். இன்று ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோ போட்டாயிற்று. என் பையன் சாப்பிடவே இல்லை. தேசிய நெடுஞ்சாலை வேறு பக்கத்தில், நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெயிலூரான் | வெள்ளி, இரவு 11.05

பசித்தால் தானே வரும் அக்கா. பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆள் இல்லை. நாங்கள் கொசப்பேட்டையில் இருந்தபோது ஒரு பூனையைக் கோணியில் கட்டி பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடியில் விட்டுவிட்டு வந்தார்கள், நாலாம் நாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லாததில் அதற்கு ஒரு சௌகரியம்.

தோட்டப்பாளையத்தாள் | சனி, காலை 6.15

அரைக்காசு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கொஞ்சம் வெல்லம் எடுத்து வைம்மா. என் தோடு, ரேஷன் கார்டு, வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி எல்லாம் அப்படித்தான் கிடைத்தது. வேண்டிக்கொண்டு சும்மா உட்காராதே, தேடவும் செய்.

பழைய_கம்பவுண்டர் | சனி, காலை 7.30

நான் கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, முதலில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். நீங்கள் தெருப்பூனையைத் தேடுவது மாதிரி தேடுகிறீர்கள். தெருப்பூனைக்கு ஊரெல்லாம் அத்துப்படி, பயந்தால் ஓடும், அப்புறம் திரும்பும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை ஓடாது, பதுங்கும். முதல் பயத்தில் கண்ணில் படுகிற சந்து எதுவோ அதில் நுழைந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் கிடக்கும். நீங்கள் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. பாசம் இல்லாமல் இல்லை. சத்தம் போட்டால் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்கிற பயம். மூன்று நாள், நான்கு நாள், சில சமயம் அதற்கு மேலும் பசி பயத்தை ஜெயிக்கும் வரை அப்படியே இருக்கும்.

அதனால் கத்தாதீர்கள். நம் காது பிடிக்கிற சத்தத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்த சுருதியெல்லாம் அதன் காதுக்குக் கேட்கும். தினமும் சாப்பாடு போடும்போது எப்படிக் கூப்பிடுவீர்களோ அதே குரல் போதும். தட்டில் கரண்டி தட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் செய்யுங்கள்.

இரவு பதினொன்றுக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டார்ச்சை இடுப்பில் பிடிக்காமல் கண் பக்கத்தில், பொட்டுக்கு நேராகப் பிடியுங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு, அது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். வெளிச்சமும் உங்கள் கண்ணும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அந்தப் பச்சை மினுக்கல் தெரியும். உடம்பு தெரியாத இடத்தில் கண் இரண்டும் பொத்தான் மாதிரி தெரியும்.

எங்கே பார்ப்பது? மோட்டார் பெட்டிக்குப் பின்னால், சம்ப் மூடி ஓரம், சிண்டெக்ஸ் டேங்க் மேடைக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, நிறுத்தி வைத்த காரின் பானெட், சன்ஷேட் மேல், செங்கல் அடுக்கு. இந்த வெயிலில் ஈரமும் நிழலும் எங்கே இருக்கிறதோ அங்கே. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள், பூனை உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோங்கள். நின்றபடி பார்த்தால் நமக்குத் தெரிவது நம் உயரத்து உலகம் மட்டும்தான்.

ஆராய்ச்சி_அரைகுறை | சனி, காலை 9.50

காட்பாடியில் படிக்கிறேன். ஐயா சொல்வதற்குத் துணையாக ஒன்று. காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது, பூனை தொலைத்த 1210 பேரிடம் கேட்டு எழுதியது. உயிரோடு கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான். ஒரு வாரத்துக்குள் கிடைத்தவை 34 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 61 சதவீதம். போஸ்டர், விளம்பரம் எல்லாவற்றையும்விட ஆளே இறங்கித் தேடியதுதான் அதிகம் பலன் கொடுத்திருக்கிறது. அது வெளிநாட்டுக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வீட்டுக்கு வீடு தோட்டம், இங்கே ஹவுசிங் போர்டில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. நம் ஊரில் 500 மீட்டர் என்றால் எத்தனையோ குடும்பம்.

அக்கா, மைக்ரோசிப் போட்டிருக்கிறதா?

கதம்பத்தின்_வீடு | சனி, மதியம் 1.20

இல்லை தம்பி. கழுத்துப்பட்டி கூட இல்லை, வீட்டுக்குள்தானே என்று விட்டுவிட்டேன். சிப் இருந்தால் போனில் இருக்கிற இடம் காட்டுமா?

ஆராய்ச்சி_அரைகுறை | சனி, மதியம் 1.32

காட்டாது அக்கா. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது அரிசி அளவு சில்லு, அதற்குள் பேட்டரி கிடையாது, 15 இலக்க எண் மட்டும்தான். யாராவது பூனையைப் பிடித்து, ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குத் தூக்கிப்போனால்தான் எண் தெரியும்.

கஸ்பா_வீட்டம்மா | சனி, மதியம் 2.45

அல்லாஹ் சீக்கிரம் சேர்த்து வைக்கட்டும். எங்கள் வீட்டில் ஐந்து பூனை. ஒரு தடவை ரமலானில் ஒன்று தொலைந்தது, சஹருக்கு எழுந்தபோது பக்கத்து மாடியில் கிடைத்தது. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை ஊர் எவ்வளவு அமைதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிகாலை ஆட்களைப் பிடியுங்கள். பால்காரர், பேப்பர் போடும் பையன், குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி அம்மா, அப்புறம் இஸ்திரி வண்டிக்காரர். தெருவில் எந்தப் பூனை எந்த வீட்டுது என்று வார்டு கவுன்சிலரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அது வெளிக்குப் போகும் மணல் தட்டை எடுத்து வெளியே வையுங்கள், வாசனைக்கு வரும்.

பழைய_கம்பவுண்டர் | சனி, மாலை 4.10

மணல் தட்டு வேண்டாம் தாயே, அதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அந்த வாசனை தெருக் கடுவன்களைத்தான் முதலில் கூட்டி வரும். வாசலில் இரண்டு கடுவன் உட்கார்ந்திருந்தால் பயந்த பெட்டை எப்படி வரும்? நீங்கள் இரண்டு நாள் உடுத்திய பழைய நைட்டி, துண்டு, அது படுக்கும் துணி, இவற்றைப் பின்கதவு ஓரம் போடுங்கள். கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள்.

கஸ்பா_வீட்டம்மா | சனி, மாலை 4.30

எங்களுக்கு மணலில்தான் கிடைத்தது. ஆனால் நீங்கள் சொல்கிற கடுவன் விஷயமும் உண்மைதான், அன்றைக்கு வாசலில் ஒரே சண்டை.

கதம்பத்தின்_வீடு | சனி, இரவு 9.15

இன்றைய கதை. மதியம் ஒரு போன். "யக்கா, உன் பூன எங்கிட்டதான் கீது, ஆற்காட்டுல. யாரோ கார்ல கொண்டாந்து உட்டுட்டாங்க. ஆட்டோல ஏத்தி அனுப்பறேன், ஆயிரத்தி ஐநூறு போட்டு உடு." எனக்குக் கை நடுங்கிவிட்டது. அனுப்பவே போய்விட்டேன். என் தங்கைதான் போனைப் பிடுங்கி, "பூனை எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றாள். "நல்லா கீதும்மா, மூணு கலரு, கொழுகொழுன்னு கடுவன்" என்றான். அவள் வைத்துவிட்டாள்.

பழைய_கம்பவுண்டர் | சனி, இரவு 9.40

உங்கள் தங்கைக்கு ஒரு சபாஷ். மூவண்ணப் பூனையில் கடுவன் ஆயிரத்தில் ஒன்று கூடத் தேறாது. செம்பட்டை, கறுப்பு இரண்டு நிறமும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும், அது இயல்பாகப் பெட்டைக்குத்தான் உண்டு. அவன் உங்கள் வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறான்.

இனி போடும் போஸ்டரில் ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள். கால் பாதத்து மச்சம், வாலில் முடிச்சு, ஏதாவது ஒன்று. போன் வந்தால் அதை மட்டும் கேளுங்கள். பூனையை வீடியோ காலில் காட்டாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

வெயிலூரான் | ஞாயிறு, காலை 8.00

நெத்திலிக் கருவாடு வாங்கி, பின்பக்கம் அடுப்பை வைத்து வறுத்துப் பாருங்கள் அக்கா. ராணிப்பேட்டை வரைக்கும் உள்ள பூனை எல்லாம் வரும், அதில் உங்களுடையதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

கதம்பத்தின்_வீடு | ஞாயிறு, காலை 10.25

சிரிப்பு வந்தது, ஆனால் நேற்று இரவே அதை நினைத்தேன். செய்யவில்லை. எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் அந்தத் துக்க வீட்டின் கொல்லை. அவர்கள் தாளிக்கக்கூட மாட்டார்கள் பதினாறு நாளைக்கு. நான் இந்தப் பக்கம் கருவாடு வறுத்தால் நன்றாகவா இருக்கும்?

நேற்று இரவு பதினொன்றரைக்கு மேல் ஐயா சொன்னபடி டார்ச்சைப் பொட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தவழாத குறையாகத் தேடினோம். இடதுபுறம் நான்கு வீடு, வலதுபுறம் ஐந்து வீடு, எதிர்வரிசை முழுக்க. கண்ணும் மினுங்கியது! ஓடிப்போய்ப் பார்த்தால் பெருச்சாளி. இன்னொரு இடத்தில் மினுங்கியது ஒரு பையனின் ஷூவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் நல்லவர்கள். "எங்க வீட்ல இல்லைம்மா, இருந்தா தெரியாதா" என்றார்கள்.

பழைய_கம்பவுண்டர் | ஞாயிறு, காலை 11.10

அந்த "இருந்தா தெரியாதா"தான் பெரிய சிக்கல். தெரியாது. என் அனுபவத்தில், பக்கத்து வீட்டு ஷெட்டில் ஒன்பது நாள் பூனை அடைபட்டுக் கிடந்தது, அந்த வீட்டுக்காரர் தினமும் அதே ஷெட்டைத் திறந்து வண்டி எடுத்துக்கொண்டு போனார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தேடவில்லை, அவ்வளவுதான். "பார்த்தீர்களா" என்று கேட்காதீர்கள். "நான் ஒரு ரெண்டு நிமிஷம் உள்ளே வந்து பார்க்கட்டுமா" என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வி. பட்டாசு எங்கே வெடித்தது?

கதம்பத்தின்_வீடு | ஞாயிறு, காலை 11.22

எங்கள் கேட் முன்னால். தெருவில்.

பழைய_கம்பவுண்டர் | ஞாயிறு, காலை 11.30

பூனை எந்தக் கதவு வழியாகப் போனது?

கதம்பத்தின்_வீடு | ஞாயிறு, காலை 11.34

பின்கதவு.

பழைய_கம்பவுண்டர் | ஞாயிறு, காலை 11.48

அப்படியானால் நேற்று நீங்கள் தேடிய எதிர்வரிசை, இடது, வலது எல்லாம் சத்தம் வந்த திசை அல்லது அதன் பக்கவாட்டு. சத்தத்துக்கு முதுகைக் காட்டித்தானே ஓடியிருக்கும்? பின்கதவைத் தாண்டினால் என்ன?

கதம்பத்தின்_வீடு | ஞாயிறு, மதியம் 12.05

துணி காயப்போடும் இடம், அப்புறம் காம்பவுண்டு சுவர், என் நெஞ்சு உயரம். அதைத் தாண்டினால் அந்தத் துக்க வீடு.

ஐயா, அந்த நேரம் அந்த வீட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் எல்லாம் ஊர்வலத்தில். பெண்கள் முச்சந்தி வரை வந்துவிட்டுத் திரும்பினார்கள். வீடு கழுவ வேண்டும் என்று எல்லாக் கதவையும் திறந்துதான் போட்டிருந்தார்கள், மாடியிலிருந்து பார்த்தேன்.

ஆராய்ச்சி_அரைகுறை | ஞாயிறு, மதியம் 12.09

அக்கா!! போய்க் கேளுங்கள்.

கதம்பத்தின்_வீடு | ஞாயிறு, மதியம் 12.40

எப்படித் தம்பி போவது? பின் தெரு என்பதால் எங்களுக்கும் அவர்களுக்கும் பழக்கமே இல்லை. ஆறு வருஷமாகச் சுவர் மட்டும்தான் பொது. ஒரு தடவை அந்தப் பாட்டி சுவருக்கு மேலே முருங்கைக்கீரை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன், பேர்கூடக் கேட்கவில்லை. துக்கம் கேட்கவே நான் போகவில்லை. பூனை கேட்கவா போவேன்?

வெயிலூரான் | ஞாயிறு, மதியம் 1.00

சுவர் ஏறி இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால்?

தோட்டப்பாளையத்தாள் | ஞாயிறு, மதியம் 1.30

நல்ல யோசனை சொல்கிறான் பார். சாவு வீட்டுக் கொல்லையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சம். அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும்.

இதோ பாரும்மா. சாவு வீட்டில் பூனை பேச்சு எடுப்பது கொஞ்சம் ஜாக்கிரதையான விஷயம். பிணத்தைப் பூனை தாண்டக் கூடாது என்பார்கள். "எங்க பூனை உங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சா" என்று நீ கேட்டால், எப்போது வந்தது, எடுப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று அங்கே ஒரு பெரியம்மா ஆரம்பிப்பாள். அதனால் முதலில் துக்கம் கேட்கப் போ. போக வேண்டியதும்தானே, பக்கத்து வீடு. நாளைக்குத் திங்கள், போகலாம். செவ்வாய் வெள்ளியில் போகாதே. வெறுங்கையோடு போகாமல் காபித்தூள், சர்க்கரை, பால் பாக்கெட், எது முடியுமோ வாங்கிக்கொண்டு போ, வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுத்தே அவர்கள் ஓய்ந்திருப்பார்கள். உட்கார். அந்த அம்மாவைப் பற்றிக் கேள். போகும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாதே. பூனையைப் பற்றி அவர்களாகப் பேச இடம் கிடைத்தால் பேசு.

ஆராய்ச்சி_அரைகுறை | ஞாயிறு, மதியம் 1.41

அதற்குள் பூனை நான்காவது நாள் பட்டினி. பாட்டி சொல்வது மரியாதைதான், ஆனால் ஓர் உயிர் அல்லவா? நேராகச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்தக் காலத்தில் யார் பூனை சகுனம் பார்க்கிறார்கள்?

தோட்டப்பாளையத்தாள் | ஞாயிறு, மதியம் 2.00

பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள் கண்ணு. நீ ஹாஸ்டலில் இருக்கிறாய்.

பழைய_கம்பவுண்டர் | ஞாயிறு, மாலை 5.30

ஒரு நாள் தாமதத்தால் பெரிய மோசம் வராது, தண்ணீர் கிடைத்திருந்தால். வீட்டுக்குள் இருந்தால் குளியலறையில் சொட்டாவது கிடைக்கும். ஆனால் சாப்பிடாத நாள் கூடக் கூடப் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும், கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஆகவே நாளைக்கு மேல் தள்ளாதீர்கள். பையில் ஒரு கெட்டியான தலையணை உறை எடுத்துக்கொண்டு போங்கள். கையில் தூக்கி வந்தால் வாசலில் ஒரு ஹாரன் சத்தம் போதும், திரும்ப ஓடிவிடும்.

கதம்பத்தின்_வீடு | செவ்வாய், மே 13, காலை 6.50

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. நேற்று இரவு எழுத முடியவில்லை, இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு இரண்டு பால் பாக்கெட், காபித்தூள், சர்க்கரையோடு போனேன். மகள்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள், தாத்தா மட்டும் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நான் பின்வீடு என்றதும், "முருங்கக்கீர வாங்குவியே, நீதானே?" என்றார். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஐம்பத்திரண்டு வருஷக் கல்யாணம். கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமியே இல்லாத காலத்தில் இரண்டு பேரும் வெறும் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அகழிக்கரையில் கடலை வாங்கித் தின்பார்களாம். 1981இல் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகு பாட்டி, "இனிமே சும்மா சுத்த முடியாது, கும்பிடணும்" என்று அலுத்துக்கொண்டாராம். சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூனையை நான் மறந்தே போனேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அப்புறம் அவரே சொன்னார். "ஒன்னு சொன்னா சிரிப்ப. பொண்ணுங்க அவ ரூம்புல வெளக்கு ஏத்தி, பக்கத்துல ஒரு டம்ளர் பால் வெக்கிறாங்க ராத்திரியில. காலைல பாத்தா பாதி கீது. மூணு நாளா கொறையுது. வந்து குடிச்சிட்டுப் போறாங்கன்னு ரெண்டும் அழுதுகினு கீதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். மெதுவாக, முழுசாக, பட்டாசிலிருந்து ஆரம்பித்து. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா" என்றார்.

சின்ன அறை. கட்டில், மர பீரோ, தரையில் விளக்கு, எதிரே பாட்டி படம். ஒரு மூலையில் லேசான நாற்றம், "செத்த எலின்னு நெனச்சோம்" என்றார். பீரோவுக்கு மேலே பரண். பரணில் மூன்று பித்தளை அண்டா, சுருட்டிய பாய், பழைய தொட்டில் கம்பு. டார்ச் அடித்தேன், ஒன்றும் இல்லை. கீழே இறங்கிவிட்டேன். திரும்ப ஏறி, டார்ச்சைப் பொட்டுக்கு நேராகப் பிடித்து அடித்தேன். பெரிய அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில், நான்கு விரல் இடைவெளியில், பச்சையாக ஒரே ஒரு கண்.

"கதம்பா, மம்மம் வா" என்று எப்போதும் சொல்கிற மாதிரி சொன்னேன். அசையவில்லை. கையை நீட்டினேன், சீறிக்கொண்டு ஒரு கீறல், மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை. நான் வளர்த்த பூனை! தாத்தா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பத்து நிமிஷம் அப்படியே ஸ்டூலில் நின்று, சும்மா பேசிக்கொண்டே இருந்தேன். மெல்லக் காதை நிமிர்த்தி, ஒரு சின்னச் சத்தம், 'ங்' என்று. தொண்டை கட்டிப்போயிருந்தது. தலையணை உறையோடு அள்ளிவிட்டேன். உடம்பில் பாதி இல்லை.

வாசல் வரை தாத்தா வந்தார். "பொண்ணுங்ககிட்ட சொல்லாதம்மா. பதினாறாம் நாள் ஆவட்டும்" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஆராய்ச்சி_அரைகுறை | செவ்வாய், காலை 7.05

வகுப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன், புரபசர் பார்க்கிறார்.

பழைய_கம்பவுண்டர் | செவ்வாய், காலை 7.20

சந்தோஷம் அம்மா. இப்போது வேலையைப் பார்ப்போம்.

பூனைக்கு: ஒரேயடியாகக் கிண்ணம் நிறையப் போடாதீர்கள். வேகவைத்த கோழியோ மீனோ உப்பில்லாமல் இரண்டு ஸ்பூன், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. பால் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, அந்த அறையில் செத்த எலி நாற்றம் என்றார்களே, அது பால் செய்த வேலை. டாக்டரிடம் காட்டி நீர்ச்சத்தும் மஞ்சள்காமாலையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் போல இருக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

உங்களுக்கு: அந்தக் கீறலில் ரத்தம் வந்ததா? சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவினீர்களா?

கதம்பத்தின்_வீடு | செவ்வாய், காலை 7.48

ரத்தம் வந்தது. கழுவினேன், மஞ்சள் வைத்தேன். வீட்டுப் பூனைதானே, அதற்கு ஊசி எல்லாம் போட்டிருக்கிறது.

பழைய_கம்பவுண்டர் | செவ்வாய், காலை 7.55

மஞ்சளைக் கழுவிவிடுங்கள். நான்கு நாள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பூனை, நடுவில் எதோடு சண்டை போட்டது என்று யாருக்குத் தெரியும்? ரேபிஸில் 'பார்க்கலாம்' என்கிற பேச்சே கிடையாது. இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுக்கம்பாறையிலும் போடுவார்கள், காசு இல்லை. தோலில் போடும் ஊசி, முதல் நாள், 3, 7, 28. ரத்தம் வந்த காயம் என்பதைச் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் தேவையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். பூனையின் ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வெயிலூரான் | செவ்வாய், காலை 9.30

அக்கா, தாத்தாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இங்கே ஊருக்கே எழுதிவிட்டீர்களே.

கதம்பத்தின்_வீடு | செவ்வாய், காலை 9.44

பெயரும் இல்லை, தெருவும் இல்லை. அந்தப் பெண்கள் இருவரும் பெங்களூரிலிருந்து வந்தவர்கள் வேறு. இருந்தாலும் நீங்கள் சொன்ன பிறகு உறுத்துகிறது. ஹவுசிங் போர்டில் எந்தப் பேஸ் (எந்தப் பகுதி) என்று முதல் பதிவில் இருந்தது, எடுத்துவிட்டேன்.

கதம்பத்தின்_வீடு | ஞாயிறு, மே 18, இரவு 8.10

கேட்டவர்களுக்காக ஒரு வரி. கதம்பம் நன்றாகச் சாப்பிடுகிறாள். காமாலை இல்லை. பின்கதவு வலைக்குத் தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. சிக்கென்று பிடிக்காமல் இழுத்தால் கழன்றுகொள்ளும் கழுத்துப்பட்டியில் போன் நம்பர் எழுதிப் போட்டிருக்கிறோம்.

இன்று துணி எடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தாத்தா நின்றிருந்தார். பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தொந்தரவும்மா. இப்ப பால் கொறையறதில்ல. ரெண்டும் மொகம் வாடிப்போயிடிச்சி" என்றார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நானே பாதி குடிச்சிட்டு வந்து படுத்துக்கறேன்."

தோட்டப்பாளையத்தாள் | ஞாயிறு, இரவு 8.25

அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா கேளும்மா, பாலில் சீனி போட்டு வைக்கப் போகிறார்கள்.

பழைய_கம்பவுண்டர் | ஞாயிறு, இரவு 9.02

நாளைக்கு உங்களுக்கு மூன்றாவது ஊசி இல்லையா? மறக்காதீர்கள். கடைசி ஊசி ஜூன் 10, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கதம்பத்தின்_வீடு | ஞாயிறு, இரவு 9.10

நாளை மறுநாள் ஐயா, செவ்வாய்தானே முதல் ஊசி போட்டேன். வட்டம் போட்டாயிற்று.